பச்சைப் புள்ளிக்குப் போன தண்ணீர்

ஒரு காட்டில் தீப்பிடித்தது. அந்தக் காலத்துக் கதையாக இருந்தால் மிருகங்கள் இந்நேரம் ஓடியிருக்கும். இது இந்தக் காலத்துக் கதை. அதனால் எல்லாம் நின்ற இடத்திலேயே நின்று போனைப் பார்த்தன.

போனில் புகை வரைபடம் இருந்தது. காட்டின் முக்கியமான மரங்களில் எல்லாம் புகையை அளக்கும் பெட்டி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு துளை வழியாகப் பெட்டி காற்றை இழுக்கும், புகை எவ்வளவு என்று பார்க்கும், அந்த எண்ணை இணையதளத்துக்கு அனுப்பும். நல்ல காற்று என்றால் வரைபடத்தில் பச்சைப் புள்ளி. கெட்ட காற்று என்றால் சிவப்பு. மான்கள் அந்த வரைபடத்தை முயல்களுக்கு அனுப்பின. முயல்கள் ஒரு கும்பிடும் கையைச் சேர்த்துக் குரங்குகளுக்கு அனுப்பின. குரங்குகள் அதையே திரும்ப மான்களுக்கு அனுப்பி, பார்த்தீர்களா கொடுமையை என்று கேட்டன. ஆக, தகவலைப் பகிர்ந்தாகிவிட்டது. தீ அதன்பாட்டுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

மலைச்சரிவில் ஒரு பெரிய இலவமரம். அதன் பொந்துக்குள் வெண்கண்ணி என்கிற இருவாச்சிப் பறவை குஞ்சோடு இருந்தது. இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெட்டை பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். மண் கொண்டுவந்து கொடுப்பதும், அந்தக் கீறல் வழியாகப் பழம் ஊட்டுவதும் ஆணின் வேலை. உள்ளே இருக்கும் நாளில் பெட்டைக்கு இறகெல்லாம் உதிர்ந்துவிடும். அப்படித்தான் வெண்கண்ணியும் இருந்தது. சுவரை உடைத்தாலும் பறக்க முடியாது. குஞ்சுக்கோ இன்னும் கண்ணே சரியாகத் திறக்கவில்லை. மரத்தடியில் சருகு புகைந்தது.

கீறல் வழியாக வெண்கண்ணி புருஷனைக் கூப்பிட்டது. அதன் பெயர் செங்கண்ணன்.

"மூக்கை மட்டும் இத்தனை நீளத்துக்கு வளர்த்து வச்சிருக்கீங்க, நாத்தம் தெரியலையா? பழம் கெடக்கட்டும். போய் யாரையாவது கூட்டிட்டு வாங்க."

செங்கண்ணன் நேரே நரியிடம் போனது. வரைபடத்துக்கு நரிதான் பொறுப்பு. நரி மிகுந்த மரியாதையோடு கிளை காட்டி உட்காரச் சொன்னது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இலவமரத்துப் புள்ளியே அதில் இல்லை. நரி விளக்கம் சொன்னது. அந்தப் பெட்டி அனுப்பிய எண் அளவுக்கு மீறி இருந்ததாம். அக்கம்பக்கத்துப் பெட்டி எதுவும் அப்படிச் சொல்லவில்லையாம். அவ்வளவு புகை இருக்க முடியாது, அதனால் பெட்டி பழுது, அதனால் புள்ளியை எடுத்துவிட்டார்களாம். நம்பும்படியான எண்களைத்தான் தளத்தில் போடுவது வழக்கமாம்.

"பெட்டி பழுதாகலைங்க. மரத்தடியில எரியுது."

"அதையேதான் நானும் சொல்றேன், இருவாச்சியாரே. எரியற இடத்துல இருக்கிற பெட்டி பதட்டத்துல எதையாவது சொல்லும். அதை எப்படி நம்பறது?"

செங்கண்ணன் தண்ணீர்ப்படையைத் தேடிப் பறந்தது. தீயணைக்க என்றே யானைகளைச் சேர்த்து ஒரு படை இருந்தது. ஆனால் புலிராஜாவுக்கு இருமல். நல்ல காற்று வாங்கவேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதனால் வரைபடத்தில் எந்த இடம் எல்லாவற்றையும்விடப் பச்சையோ அங்கே ராஜா ஜமுக்காளம் விரிப்பார். அவர் மேல் தூசி படாமல் படை கூடவே போய்த் தண்ணீர் தெளிக்கும். அன்றைக்கு ராஜா அருவிக்கரையில் இருந்தார். யானைகள் அருவியில் தண்ணீர் மொண்டு, அருவிக்குப் பக்கத்துப் பாறையிலேயே ஊற்றிக்கொண்டிருந்தன.

படைத்தலைவன் கொம்பையன் நல்ல யானை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டது. கண்கூடக் கலங்கியது.

"உன் கஷ்டம் புரியுது தம்பி. ஆனா ராஜா எங்கயோ அங்கதான் படை. பச்சை எங்கயோ அங்கதான் ராஜா. உன் மரம் பச்சையா?"

"எரியுதுங்கறேன், அண்ணே."

"அப்ப எப்படிப்பா வரமுடியும்? அவருக்கு இருமலாச்சே."

திரும்பி வரும் வழியில் செங்கண்ணன் ஓடைக்கரையில் இறங்கியது. ஒரு ஆண் இருவாச்சிக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை இரண்டுதான்: பழம் பொறுக்குவது, மண் சுமப்பது. வாய் நிறைய ஈரமண் அள்ளிக்கொண்டு போய், இலவமரத்துப் பெட்டியின் துளையில் அப்பியது. மனைவி சொல்லித்தந்த பதத்தில், கீறல்கூட விடாமல் பூசியது. பெட்டிக்குள் புகை போகவில்லை. எண் மளமளவென்று இறங்கிச் சுழியில் நின்றது.

சுழியை நரி சந்தேகிக்கவில்லை. நல்ல செய்தியை யார் சந்தேகிப்பார்கள்? காட்டிலேயே தூய காற்று இலவமரத்தடியில் என்று தளத்தில் கரும்பச்சைப் புள்ளி ஏறியது. மான்கள் அதை முயல்களுக்கு அனுப்பின.

ராஜா பரிவாரத்தோடு வந்து சேர்ந்தார். எதிரே நிற்பவர் முகம் தெரியாத புகை. ராஜா இருமினார். போனைப் பார்த்தார். மறுபடி இருமினார்.

"என்ன அருமையான பனி," என்றார்.

இப்படிப் பனி பெய்து எத்தனை காலமாயிற்று என்று எல்லாரும் தலையாட்டினார்கள். நரிக்குக் கண்ணில் தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. ஆனந்தம் என்று சொல்லிக்கொண்டது. பனி சரி, கொஞ்சம் வெக்கையாக இருக்கிறதே என்று ராஜா முனகினார். அவ்வளவுதான். கொம்பையன் ஒரு பிளிறு பிளிறியது. யானைகள் ஓடையையே உறிஞ்சி உறிஞ்சி அடித்தன. ஓடையில் சேறு மிஞ்சியபோது மரத்தடியில் கடைசிக் கங்கும் அணைந்திருந்தது. குஞ்சு பசியில் கத்தியது. செங்கண்ணனுக்கு அதைவிட நல்ல சத்தம் அன்றைக்கு வேறில்லை.

"அந்த மண்ணை எடுத்துடுங்க," என்றது வெண்கண்ணி. "பொழைச்சாச்சு. அப்புறமும் எதுக்குப் பொய்?"

செங்கண்ணன் மண்ணைக் கொத்தி எடுத்தது. பெட்டி நல்ல மூச்சு இழுத்து, நனைந்த சாம்பலின் வாடையை உள்ளபடி எண்ணி அனுப்பியது. பச்சைப் புள்ளி மஞ்சளானது. பரிவாரத்தின் போனெல்லாம் ஒரே சமயத்தில் கிணுகிணுத்தன. ராஜா திடுக்கிட்டு எழுந்தார். இத்தனை நேரம் இந்தக் கெட்ட காற்றிலா உட்கார்ந்திருந்தோம் என்று நரியைக் கடிந்துகொண்டார்.

நரி அவசரமாக அடுத்த பச்சையைத் தேடியது. எதிர்ச்சரிவில் ஒன்று இருந்தது, எதுவும் அதற்கு ஈடில்லை என்கிற பச்சை. தீ இதற்குள் அந்தப் பக்கம் ஏறி அங்கிருந்த பெட்டியை உருக்கிவிட்டது. உருகிய பெட்டி ஒன்றும் அனுப்பவில்லை. ஒன்றும் அனுப்பாத இடத்தில் ஒன்றும் இல்லை என்பது நரியின் கணக்கு.

செங்கண்ணன் தாழப் பறந்து குறுக்கே நின்றது. அங்கே தீ, போகாதீர்கள் என்று தொண்டை கிழியச் சொன்னது.

"மஞ்சப் புள்ளிக்காரங்க வயித்தெரிச்சல்ல அப்படித்தான் சொல்வாங்க, ராஜா," என்றது நரி.

யானைகள் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வருகிறோம், கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டு அருவிக்குத் திரும்பின. ராஜா பொறுக்கவில்லை. பரிவாரம் போனை உயரப் பிடித்தபடி எதிர்ச்சரிவில் ஏறியது. பனி அங்கே இன்னும் அருமையாக இருந்தது. சற்று நேரம் இருமல் கேட்டது. பிறகு கேட்கவில்லை. இருமல் நின்றுவிட்டதே, காற்று எவ்வளவு நல்லதாக இருக்கவேண்டும் என்று முயல்கள் குரங்குகளுக்கு எழுதின.

நீதி: வீடு எரியும்போது "தீ, தீ" என்று கத்துகிறவனுக்கு அனுதாபம் வரும். "ஆகா, என்ன காற்று" என்கிறவனுக்குத்தான் தண்ணீர் வரும்.