நாலு சிலிண்டரும் ஓர் அகப்பை எண்ணெயும்

யூடியூப்பில் மூன்று வீடியோ பார்த்தவனுக்கு வருகிற துணிச்சல், முப்பது வருடம் அதே தொழிலைச் செய்தவனுக்குக்கூட வராது. இதை நான் யாரையும் குத்திக் காட்டச் சொல்லவில்லை. என்னைத்தான் சொல்கிறேன். (மூன்றில் ஒன்று ஹிந்தி வீடியோ. அதையும் தலையாட்டிக்கொண்டு முழுதாகப் பார்த்தவன் நான்.)

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. திருகோணமலையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். சொந்தமாக இருந்த வாகனம் ஒரு சைக்கிள். ஆனால் கார் எஞ்சினைப் பற்றி யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை விளக்குவேன். கேட்காவிட்டாலும் விளக்குவேன். போதாக்குறைக்கு, எஞ்சின் அழுத்தத்தை அளக்கிற ஒரு கம்ப்ரஷன் கேஜும் வாங்கி வைத்திருந்தேன். வட்ட முகம், சிவப்பு முள், கீழே ஒரு ரப்பர் குழாய். அதை அலுமாரியில் உடுப்புக்கு மேலே வைத்து, அடிக்கடி எடுத்துத் துடைப்பேன்.

அதைப் பாவிக்க ஒரு காரணம் வந்தது அக்காவால். அவளுக்கு ஈச்சிலம்பற்றில் ஆசிரியை நியமனம். அத்தான் கட்டாரில். ஒன்றரை வயது மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, பிள்ளை எழும்ப முதலே பஸ் ஏறி, கிண்ணியா, மூதூர் என்று மாறி மாறிப் போவாள். திரும்பி வரும்போது பிள்ளை நித்திரைக்குச் சிணுங்கிக்கொண்டிருக்கும். ஒருநாள் பிள்ளை அவளைப் பார்த்து, "ஆன்ரி" என்றது. அக்கா சிரித்துக்கொண்டே குசினிக்குள் போனாள். பிறகு அங்கே அழுகிற சத்தம் கேட்டது. அடுத்த நாளே சொல்லிவிட்டாள், "ஒரு பழைய கார் என்றாலும் வேணும். பிள்ளை எழும்பேக்க நான் வீட்டில நிக்கோணும்."

கிண்ணியாவில் ஒரு ஹாஜியார் தன் காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டோம்.

"மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போவமே?" என்றாள் அக்கா.

"மெக்கானிக்கோ? பிறகு நான் என்னத்துக்கு இருக்கிறன்?"

"நீ சைக்கிளுக்குக் காத்தடிக்கவே கடைக்குத்தானேடா போறனீ."

இந்த மாதிரி அற்பப் பேச்சுகளுக்கு நான் பதில் சொல்வதில்லை. கேஜை ஒரு துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

சனிக்கிழமை காலை போய்ச் சேர்ந்தபோது ஹாஜியார் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வெளிக்கிட்டு நின்றார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேட், அத்தர் வாசம். "வாங்க தம்பி, வாங்க மகள். கார் நல்லா இரிக்கி. ஓட்டிப் பாருங்க" என்றார்.

"ஓட்டிப் பார்க்கிறது எல்லாரும் செய்யிறதுதான் ஹாஜியார்," என்றேன் நான். "நான் உள்ளுக்குப் பார்க்கிற ஆள்."

(இந்த வசனத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.)

கம்ப்ரஷன் சோதனை என்பது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. சிலிண்டருக்குள் வருகிற காற்றைப் பிஸ்டன் எவ்வளவு இறுக்கமாக நசுக்குகிறது என்று அளப்பதுதான். முதலில் எஞ்சினைச் சூடாக்க வேண்டும். சூடாக்கினேன். பெற்றோல் வராமல் ஃபியூஸைக் கழற்ற வேண்டும். கழற்றினேன். நாலு ஸ்பார்க் பிளக்கையும் எடுத்துவிட்டு, ஒரு துளையில் கேஜைப் பூட்ட வேண்டும். பூட்டினேன். கடைசியாக, காற்று தாராளமாக உள்ளே போவதற்கு அக்சிலேட்டரை அடிமட்டம் வரை மிதித்துப் பிடித்துக்கொண்டு, சாவியைத் திருப்பி எஞ்சினை ஐந்தாறு சுற்றுச் சுற்ற விட வேண்டும். முறையில் ஒரு பிழை இல்லை. இன்றைக்கும் எவரோடும் வாதாடத் தயார்.

அக்காவை ஓட்டுநர் சீற்றில் இருத்தினேன். அவள் லைசன்ஸ் எடுத்து மூன்று மாதம்தான். "நான் சொல்லேக்க முழுசா மிதி. காலை எடுக்காத. பிறகு திறப்பைத் திருப்பு. விளங்கிச்சோ?"

"ஓம் ஓம், விளங்குது."

நான் திறந்திருந்த பொனட்டுக்கு முன்னால் குனிந்தேன். "மிதி! திருப்பு!"

முள் எண்பதில் நின்றது. குறைந்தது நூற்றைம்பதாவது வர வேண்டும். இரண்டாவது சிலிண்டர், எண்பது. மூன்றாவது, எழுபத்தெட்டு. நாலாவது, எண்பது. நாலு சிலிண்டரும் பேசி வைத்த மாதிரி ஒரே நாளில் ஒரே அளவாகத் தேயாது என்று எந்த மடையனுக்கும் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு சத்திரசிகிச்சை முடித்த டொக்டர் போல நிமிர்ந்தேன்.

"ஹாஜியார், குறை நினைக்காதேங்கோ. எஞ்சின் செத்துப்போச்சு."

"என்ன தம்பி செல்றீங்க? நேத்தும் மூதூருக்குப் போய் வந்த காரு!"

"மனிசனும் சாகிறதுக்கு முதல் நாள் நடந்துதானே திரியிறான்?"

அக்கா கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, "டேய், வாயைப் பொத்திக்கொண்டு வேலையைப் பார்" என்றாள்.

பார்த்தேன். அதுதான் வினையே. கம்ப்ரஷன் குறைந்தால் அடுத்து ஈரச் சோதனை. சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்ப அளக்க வேண்டும். முள் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வில் கோளாறு. நான் கம்பீரமாக, "கொஞ்சம் எண்ணெய் வேணும்" என்றேன். இந்தப் பக்கத்தில் எண்ணெய் என்றால் பெற்றோல் செட்டில் நிற்பவருக்கு ஒன்று, குசினியில் நிற்பவருக்கு இன்னொன்று. ஹாஜியார் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி ஒரு சட்டி நிறையத் தேங்காயெண்ணெயும், அதற்குள் ஓர் அகப்பையும் கொண்டுவந்து கதவோரம் வைத்துவிட்டுப் போனார்.

அந்த இடத்தில் ஒரு நேர்மையான மனிதன், "இது இல்லை, எஞ்சின் ஒயில்" என்று சொல்லியிருப்பான். நான் பந்தாவை விடவில்லை. எண்ணெய் எண்ணெய்தானே என்று மனதுக்குள் சொல்லி, அகப்பையால் அள்ளி முதல் சிலிண்டருக்கு ஊற்றினேன். ஒவ்வொன்றாக ஊற்றி ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். அதற்கு யாருக்குப் பொறுமை? மற்ற மூன்றுக்கும் ஆளுக்கோர் அகப்பை ஊற்றினேன். முதலாவதில் கேஜ். மற்ற மூன்று துளையும் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தன. ஹாஜியாரும் என்னதான் நடக்கிறது என்று பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"மிதி! திருப்பு!"

மூன்று துளையிலிருந்தும் எண்ணெய் பீறிட்டு எழும்பியது. உள்ளே இருந்த கரியெல்லாம் சேர்ந்த கறுப்பு எண்ணெய். ஒன்று என் மூக்குக்குள். ஒன்று பொனட்டின் அடியில் பட்டு என் தலையில். மூன்றாவது, ஹாஜியாரின் வெள்ளைச் சேட்டில் தோளிலிருந்து இடுப்பு வரை.

"யா அல்லாஹ்!"

வேறு யாரென்றால் என்னை அந்த இடத்திலேயே பொரித்திருப்பார்கள். அவர் தன் சேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "முகத்தைக் கழுவுங்க தம்பி" என்றார். ஆனால் நான் எங்கே முகத்தைப் பார்த்தேன்? கேஜைத்தான் பார்த்தேன். முள் நூற்றைம்பதில் நின்றது! "பார்த்தீங்களோ? ஏறிட்டுது! ரிங் போச்சு!" என்று கத்தினேன்.

பிளக்குகளைப் பூட்டி ஸ்டார்ட் செய்தபோது இரண்டு மூன்று தரம் இருமிவிட்டு எஞ்சின் பிடித்தது. பின்னால் வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்கப் பரவியது. சும்மா புகையல்ல. சுடச்சுட வாடா என்கிற பலகாரம் பொரிக்கிற மணம். மதிலுக்கு மேலால் தலைகள் முளைத்தன. சந்தியிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் நடந்தே வந்து, "ஹாஜியார், என்ன விசேஷம்? பலகாரம் பொரிக்கிறீங்களா?" என்று கேட்டார். அவர் அந்த ஊரில் கணக்குப் படிப்பிக்கிற ஆசிரியர், எல்லாருக்கும் கணக்கு சேர். அவருக்கும், நின்ற எல்லாருக்கும் எஞ்சின் செத்த கதையை நான் முதலிலிருந்து விளக்கினேன். அக்கா ஹாஜியாரிடம் மன்னிப்புக் கேட்டு, கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு பெரிய ஏமாற்றத்திலிருந்து அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமை அதைவிடக் கூட.

பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறியது. ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்வோம் என்று வாயைத் திறந்தேன்.

"நீயும் நல்லா மிதிச்சுப் பிடிச்சனீ அக்கா. கால் நோகுதோ?"

"நோகாமல்? பிரேக் உடைஞ்சு போகுமோ எண்டு பயந்து பயந்து மிதிச்சனான்."

"என்ன? பிரேக்கோ?"

"மிதி எண்டால் பிரேக்தானே? பழக்கின மாஸ்டர் அப்பிடித்தான் கத்துவார். மற்றதுக்கு ரேஸ் குடு எண்டுவார்."

அக்சிலேட்டரில் ஒருவரும் கால் வைக்கவேயில்லை. காற்று போக வழியில்லாவிட்டால் புத்தம்புது எஞ்சினுக்கும் எண்பதுதான் காட்டும். அவ்வளவு எண்ணெய் ஊற்றினால் எந்த எஞ்சினுக்கும் முள் ஏறும். உடனே ஹாஜியாருக்கு அழைத்தேன்.

"கார் வித்துப் பொயித்து தம்பி," என்றார். "கணக்கு சேர் எடுத்திட்டார். பலகார மணத்துக்கு வந்தாரே, அவர்தான்."

"செக் பண்ணாமலோ?"

"சந்தி வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். நல்லம் எண்டார்."

விஷயத்தை அக்காவிடம் சொன்னேன். கைப்பையால் என் முதுகில் மூன்று அடி. நடத்துநர் ஓடிவந்து, "தங்கச்சி, இந்தப் பெடியன் ஏதும் சேட்டை விட்டவனோ?" என்று கேட்டார். "ஓம்" என்றாள் அக்கா. நகரம் வரும்வரை என்னை முன்கதவடியில் நிற்க வைத்தார்கள்.

அடுத்த வருடம் கணக்கு சேருக்கும் அக்காவின் பள்ளிக்கூடத்துக்கே மாற்றம் வந்தது. கிண்ணியாச் சந்தியில் அக்காவையும் இன்னும் இரண்டு ஆசிரியைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறார். மூன்று பஸ் ஒன்றாகிவிட்டது. பிள்ளை எழும்பும்போது அக்கா வீட்டில் நிற்கிறாள், கொண்டை போட்டுவிட்டுத்தான் புறப்படுகிறாள். நான் கொன்ற எஞ்சின் ஆறு வருடமாக ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. சேருக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் அக்காவே அதை ஓட்டுகிறாள்.

போன வருடம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பேசியிருந்த கார் வரவில்லை, முகூர்த்தம் நெருங்கிவிட்டது. கல்யாணத்துக்கு வந்திருந்த கணக்கு சேர் திறப்பை அக்காவின் கையில் கொடுத்தார். யாரோ அவசரமாகப் பொனட்டில் பூமாலை கட்டினார்கள். நான் தலைப்பாகையோடு முன் சீற்றில் ஏறினேன். அக்கா என் பக்கம் திரும்பி, வீடியோக்காரருக்கும் கேட்கிற மாதிரி, "மாப்பிள்ளை, எதை மிதிக்கோணும் எண்டு இப்பவே வடிவாச் சொல்லிப்போடுங்கோ" என்றாள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி அந்த வீடியோவைப் போடுகிறாள். நான் குனிந்த தலை நிமிராமல் இருக்கிறேன். மாப்பிள்ளைக்கு நல்ல வெட்கம் என்று வந்தவர்கள் சொல்வார்கள். அவள் உடனே வீடியோவை நிறுத்திவிட்டு முழுக்கதையையும் சொல்வாள். பிறகு சத்தத்தைக் கூட்டி, மீண்டும் ஓட விடுவாள். மேளச் சத்தத்துக்கு நடுவிலும், ஒரே திருப்பில் எஞ்சின் ஸ்டார்ட் ஆவது தெளிவாகக் கேட்கும்.