வாரத்தில் ஒரு கிழமைகூட இல்லாத கோள்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே என் மானம் ஒன்றைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தி அம்மாளும் தங்கள் முழங்காலும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

கல்யாணம் பேச வந்த அன்று, "பையன் விண்வெளி ஆய்வு மையத்துல இருக்கான்" என்று தாங்கள் சொன்னதும் நான் பூரித்துப் போனேன். குணம் விசாரித்தேன், பழக்கவழக்கம் விசாரித்தேன். எந்தக் கோள் என்று விசாரிக்க வேண்டும் என்பது எனக்கெப்படித் தெரியும்? தாங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த மையத்தைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். நான் எங்கள் தெருவில் பாதியைத் திரட்டிக்கொண்டு போனேன். எதிர்வீட்டுப் பல் டாக்டரையும் வலியப் போய் அழைத்தேன். தன் மருமகன் கப்பல் கேப்டன் என்று சொல்லிச் சொல்லியே என் காதில் ஓட்டை போட்டவர் அவர். உள்ளே நுழைந்ததும் செவ்வாய் மண்டபம். குளுகுளுவென்று ஏசி, சிவப்புக் கம்பளம், ஆறு சக்கர வண்டி ஒன்று, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு நீண்ட வரிசை. "மாப்பிள்ளை இங்கதான் எங்கயாவது மேற்பார்வை பாத்துட்டு இருப்பார்" என்று நான் டாக்டரிடம் சொல்லி வாய் மூடவில்லை, வரவேற்பில் நான் மாப்பிள்ளை பேரைக் கொடுத்திருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அவரா? யுரேனஸ் சார். படிக்கட்டுக்குக் கீழ பாருங்க" என்றாள்.

பார்த்தோம். உடைந்த நாற்காலிகள், தரை துடைக்கும் வாளி, ஒரு மேஜை, மேஜைமேல் வெளிறிப்போன நீலத்தில் ஒரு பந்து, பந்துக்குப் பின்னால் நம் மாப்பிள்ளை. எங்களைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக எழுந்து, "வாங்க மாமா! காலைலேர்ந்து நீங்கதான் மொத ஆளுங்க!" என்றாரே பார்க்கலாம். தெருவே கேட்டது.

டாக்டர் சும்மா இருப்பாரா? "கடைசியா அங்க எப்ப போனீங்க தம்பி?"

"நாங்க போகலை சார். நாப்பது வருஷம் முன்னாடி ஒரு விண்கலம் அந்தப் பக்கமாப் போச்சு."

"இறங்கிச்சா?"

"இல்ல சார். போற வழியில எட்டிப் பாத்துட்டுப் போயிடுச்சு."

டாக்டர் தம்மிடம் வருகிற நோயாளி மாதிரி கன்னத்தைப் பொத்திக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறாராம். மாப்பிள்ளைக்கு அது உறைக்கவே இல்லை. அந்தக் கோள் பக்கவாட்டில் படுத்தபடியே சூரியனைச் சுற்றுகிறதாம். அதன் நிலவுகளில் பனிக்கட்டிக்கு அடியில் கடல்கூட இருக்கலாமாம். சொல்லச் சொல்ல அவர் கண் மின்னியது. எனக்குக் கண் இருட்டியது. செவ்வாய்க்கு ஒரு கிழமை உண்டு, புதனுக்கு உண்டு, எல்லோரும் திட்டுகிற சனிக்கே உண்டு. இதற்கு வாரத்தில் அரை நாள்கூடக் கிடையாது. படுத்தே கிடக்கிற கோளை எவன் மதிப்பான்?

நேரே இயக்குநர் அறைக்குள் நுழைந்துவிட்டேன். "ஏன் சார் எல்லாரும் செவ்வாய்க்கே ஓடறீங்க? மத்ததெல்லாம் கோள் இல்லையா?" என்றேன்.

மனிதர் கோபப்படவில்லை. "உக்காருங்க. செவ்வாய்க்கு ஏழெட்டு மாசத்துல போயிடலாம். இறங்கத் தரை இருக்கு. உயிர் இருந்திருக்குமோன்னு சொன்னா ஜனங்க காது குடுப்பாங்க. வெள்ளி இன்னும் பக்கம், ஆனா இறங்கின கருவி ரெண்டு மணி நேரத்துல வெந்துடும். உங்க மாப்பிள்ளை கோளுக்குப் போய்ச்சேரவே பத்து வருஷத்துக்கு மேல ஆகும். போனாலும் கால் வைக்கத் தரை கிடையாது. பணத்துக்குக் கையெழுத்துப் போடறவர், படம் வர்றப்ப பதவியில இருக்கணும் சார். இல்லன்னா எதுக்குக் கையெழுத்து?"

அறிவியல் இவ்வளவு எளிதாக எனக்கு யாரும் விளக்கியதில்லை. பிறகு அவரே, "செவ்வாய்ல ஆள் பத்தல. நாளை விட்டு அடுத்த திங்கள்லேர்ந்து செவ்வாய்ல சேரச் சொல்லுங்க" என்றார். நான் அவர் காலில் விழாத குறை.

ஓடிவந்து சொன்னால் மாப்பிள்ளை தலையை ஆட்டுகிறார். "மாமா, செவ்வாய்க்கு ஆயிரம் பேர் இருக்காங்க. இதுக்கு நான் ஒருத்தன்தான். நானும் போயிட்டா அதை யாரு நினைப்பாங்க?" என் மகளாவது புத்தி சொல்வாள் என்று பார்த்தால், "அப்பா, நீங்க சும்மா இருந்தாலே போதும்" என்கிறாள். ஆகவே பெற்ற தகப்பனாகிய தாங்கள் கண்டித்து நாலு வரி எழுதி, திங்களன்று பையனைச் செவ்வாயில் சேர்த்துவிட வேண்டும். குடும்ப கௌரவம் தங்கள் பேனா முனையில்.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கத்தையும், முழங்காலுக்கு என் அனுதாபத்தையும் சொல்லவும். தங்கள் வீட்டில் எல்லோரும் நீண்ட ஆயுளோடு இருந்து, செவ்வாயிலிருந்து மாப்பிள்ளை அனுப்பப்போகும் படங்களைப் பார்க்க வேண்டும்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது டிவியில் செய்தி. செவ்வாயில் இறங்கப் போன கலம் தரையில் மோதிச் சுக்குநூறாகிவிட்டதாம். இயக்குநர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். பின்னால் செவ்வாய்க் குழு மொத்தமும் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. விசாரணையாம். டாக்டர் மூச்சிரைக்க ஓடிவந்து, "உங்க மாப்பிள்ளை இதுலயா சார்?" என்றார். "சேச்சே! செவ்வாயெல்லாம் பொடிக் கோள். எங்க மாப்பிள்ளைது அதைவிட ஏழு மடங்கு அகலம்" என்று அனுப்பிவைத்தேன். திரும்ப எழுதக் கை வலிக்கிறது. ஆகவே மேலே உள்ள எதையும் படிக்காமல் இதை மட்டும் படிக்கவும். திங்களுக்குள் இயக்குநருக்குத் தாங்கள் அவசரமாக எழுத வேண்டியது ஒன்றே: பையன் உடம்புக்குச் சிறு வயதிலிருந்தே செவ்வாய் ஒத்துக்கொள்வதில்லை.