மாப்பிள்ளைக் காலும் பார்பெராத் திராட்சையும்

கல்யாணத்துக்கு நாள் குறித்த ஆண்பிள்ளையைத் தனியாக விடக் கூடாது. என்னை விட்டுவிட்டார்கள்.

அறுபதுகளின் கடைசி. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில், சூளைப் பிரிவில் எனக்கு வேலை. புதுச் சூளை பொருத்த வந்த மாரியோ என்ற இத்தாலிக்காரர், ஊருக்குப் போகும்போது ஒரு திராட்சைக் குச்சியைக் கொடுத்துவிட்டுப் போனார். பார்பெரா என்று சாதிப் பெயர். வேறு பழம் ஒன்றுகூடச் சேர்க்காமல், காலால் மிதித்து ஒயின் செய்ய வேண்டுமாம். (நாட்டையே என்னிடம் ஒப்படைத்த மாதிரி தலையாட்டினேன்.)

கொல்லையில் பந்தல் போட்டு, மீன் கழுவிய தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். ஒன்றிரண்டு வருஷம் வெறும் இலையாகவே நின்ற கொடி, சரியாக என் கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் கொத்துக் கொத்தாகப் பழுத்துத் தொலைத்தது.

அப்போது மதுவிலக்கு அமலில் இருந்தது. வரப்போகிற மாமனாரோ ஸ்ரீமுஷ்ணத்தில் தெருத்தெருவாக மதுவிலக்குப் பிரசாரம் செய்கிற வாத்தியார். இருந்தும் அண்டாவில் இறங்கி மிதித்தேன். சாற்றை ஊறுகாய் ஜாடியில் ஊற்றி, வாயில் துணி கட்டி, கொல்லையில் வைத்தேன்.

கால் இரண்டும் ரத்தச் சிவப்பு. சவுக்காரம் போட்டேன், நீலமானது. தேய்க்கத் தேய்க்க பித்தவெடிப்பிலெல்லாம் நீலம் இறங்கி உட்கார்ந்துகொண்டது. கல்யாணத்தன்று, முகத்துக்கு வைத்திருந்த பவுடரை முழுக்கக் காலில் பூசிக்கொண்டு, எங்கள் வீட்டு வாசல் பந்தலில் மணையில் உட்கார்ந்தேன்.

பாத பூஜை என்று ஒன்று இருப்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாமனார் தாம்பாளத்தில் என் காலை எடுத்து வைத்துச் செம்பைச் சாய்த்தார். பவுடர் போனது.

"மாப்ள, காலு ஏங்க இப்படி இருக்குது?"

"ஏதோ வியாதிங்க அண்ணே. மறைச்சுட்டாங்க," என்றாள் பெண்ணின் அத்தை. மேளம் நின்றது.

"வியாதி இல்லைங்க. திராட்சை மிதிச்சேன்."

"எதுக்கு?"

"ஒயினுக்குங்க."

மாமனார் செம்பைக் கீழே வைத்தார். "வியாதியே தேவலாம்," என்று எழுந்துவிட்டார். என் அப்பா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பக்கத்தில் தலை குனிந்திருந்த கமலா, என் மனைவியாக ஆவாளா மாட்டாளா என்று தெரியாத கமலா, முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "அது எங்க இருக்குது? எடுத்துக்கிட்டு வாங்க."

கொல்லையிலிருந்து ஜாடி வந்தது. விரலை விட்டு நாக்கில் வைத்தாள். நெற்றிச் சுட்டி புருவத்துக்கு இறங்குகிற அளவுக்கு முகம் சுருங்கியது.

"அப்பா, இது சாராயமெல்லாம் இல்ல. புளிச்சுப்போன காடி. இதைக் குடிச்சு ஒருத்தனும் கெட்டுப்போவ முடியாது. உக்காந்து கழுவுங்க."

மாமனார் நம்பவில்லை. தானும் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒரு கண்ணை மூடியபடியே இருந்தார். பிறகு செம்பை எடுத்தார்.

ஜாடியில் மிச்சமிருந்ததை கமலா எலுமிச்சை ஊறுகாயில் ஊற்றித் தீர்த்தாள். கதைதான் தீரவில்லை. என் மகளைப் பெண் பார்க்க வந்த பையன் பி.ஈ. படித்தவன், நல்ல சம்பளம். எல்லாம் பேசி முடித்துக் காப்பி கொடுத்த பிறகு, என் மனைவி அவனிடம் மரியாதையாகச் சொன்னாள்:

"தம்பி, அந்த சாக்ஸைக் கொஞ்சம் கழட்டுங்க."