பனிமூட்டத்துக்குக் கழித்த வேகம்

கணினி வகுப்பு நடத்துகிறவனுக்குக் கணினி தெரிந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. தெரிந்த மாதிரிப் பேசினால் போதும். ஹட்டனில் ஆறு வருடம் நான் அப்படிப் பேசியே காலம் தள்ளியவன்.

அப்போது எங்கள் வகுப்பில் ஒரு மோடம் இருந்தது. தொலைபேசிக் கம்பியில் மாட்டினால் சிறிது நேரம் கத்திவிட்டு இணையத்துக்குள் போகும். அதன் பெட்டியில் வேகம் ஐம்பத்தாறு 'கே' என்று போட்டிருந்தது. ஆனால் கணினிக்குள் கோப்பு இறங்கும்போது ஏழுகூடத் தேறாது. மிச்சம் எங்கே போகிறது என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம் (சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை).

என் அம்மா டயகம தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். மழை நாளில் கொழுந்தை நிறுக்கும்போது ஈரத்துக்கென்று சில கிலோவைக் கழித்துவிடுவார்கள். அது எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. கம்பி கொழும்பிலிருந்து பனிமூட்டத்துக்குள்தானே வருகிறது, ஈரத்துக்குக் கழிந்துவிடும் என்றேன். எல்லோரும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். அவர்கள் எழுதியதைப் பார்த்து நானும் நம்பிவிட்டேன்.

மோடம் போய்க் கைப்பேசி வந்தது. என் தத்துவம் மட்டும் போகவில்லை.

என் தங்கை கலா ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். பின்னங்கள் பற்றிப் பதினைந்து நிமிடம் பாடம் நடத்தி, அந்த வீடியோவை இணையத்தில் ஏற்ற வேண்டும். கடைசி நாள், மாலை நான்கு மணிக்கு விண்ணப்பப் பக்கம் மூடிவிடும். இது தவறினால் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போவதாக ஏற்கெனவே பேச்சு. எங்கள் லய வீடுகளுக்குப் பக்கத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விடும் பிள்ளைமடுவத்தில் வைத்து நான்தான் வீடியோ எடுத்தேன். கோப்பு அறுநூறு மெகாபைட். ஏற்றும் பொறுப்பும் என்னிடமே வந்தது, குடும்பத்தில் நான்தானே கணினி மாஸ்டர்.

அன்று காலையிலிருந்தே பனி. கலா பத்து மணிக்கே அனுப்பிவிடலாம் என்றாள். பனி விலகட்டும், இல்லாவிட்டால் பாதி வேகம் கழிந்துவிடும் என்றேன். பன்னிரண்டு மணிக்கு மறுபடி கேட்டாள். இரண்டு மணிக்கு அவள் கேட்கவில்லை, வாசலில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அடிக்கடி கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். ஆனால் மாஸ்டர் பயப்படலாமா?

மூன்றரைக்கு வெயில் வந்தது. சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருவரும் ஓடினோம். கைப்பேசியில் வேகம் பார்த்தேன், இரண்டு மெகா. அறுநூறை இரண்டால் பிரித்தால் முந்நூறு வினாடி. ஐந்தே நிமிடம். வெயில் நாள், கழிவும் கிடையாது. மூன்றே முக்காலுக்கு அழுத்திவிட்டு, தாராளமாகப் பத்து நிமிடம் மிச்சம் என்று அறிவித்தேன்.

ஐந்து நிமிடம் ஆனது. பன்னிரண்டு சதவீதம்.

வானத்தைப் பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லை. கைப்பேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். தொட்டி மேல் ஏறினேன். கலா கீழே உட்கார்ந்து ஒரு குச்சியால் மண்ணில் கணக்குப் போட்டாள். வேகத்தைப் பிட்டில் சொல்கிறார்கள், கோப்பைப் பைட்டில் சொல்கிறார்கள். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். (இதை முதல் பாடத்திலேயே கரும்பலகையில் எழுதுகிறவன் நான். எழுதியதை ஒருநாளும் யோசித்ததில்லை.)

பிறந்ததிலிருந்து என்னை 'நீங்க' என்றே கூப்பிட்டவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, நீ எட்டால பிரிக்கவே இல்லயா?"

ஐம்பத்தாறை எட்டால் பிரித்தால் ஏழு. பனிக்கு மேல் நான் போட்ட பழியெல்லாம் அந்த ஒரு நொடியில் என் தலையில் விழுந்தது. நாற்பது நிமிட வேலைக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறேன்.

நான்கு மணிக்கு முப்பத்தேழு சதவீதத்தில் பக்கம் மூடிக்கொண்டது. கலா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நிறுவை முடிந்து அந்த வழியாக வந்த அம்மா எங்கள் முகத்தைப் பார்த்து நின்றார். பாதிகூடப் போகவில்லை என்று முனகினேன்.

"வெயிலடிக்கிற நாள்லயுமா கழிச்சுப்புட்டாங்க?" என்று அம்மா உண்மையாகவே கேட்டார். அந்தத் தத்துவத்தை வீட்டிலும் பரப்பியவன் நான்தான்.

கலா ஒரு வருடம் கொழும்பில் துணி மடித்தாள். அவள் பஸ் ஏறிய காலையை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அடுத்த வருடம் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே, கொட்டுகிற மழையில், என்னிடம் சொல்லாமல் தானே அனுப்பினாள். எல்லாம் போய்ச் சேர்ந்தது.

இப்போது டிக்கோயாப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். என் மகள் அவளுடைய வகுப்பில்தான் இருக்கிறாள். போன மாதம் வீட்டுக் கணக்கு ஒன்று கொண்டுவந்தாள். வெயில் நாளில் ஓர் அண்ணன் 600 மெகாபைட் கோப்பை வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பிற்பகல் 3.45க்கு அனுப்பத் தொடங்குகிறார். (அ) கோப்பு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்? (ஆ) தங்கை எங்கே போய்ச் சேருவாள்?

முதலாவதற்கு 4.25 என்று மகள் சரியாகவே எழுதியிருந்தாள்.

"ரெண்டாவத மட்டும் அப்பாகிட்ட கேட்டு எழுதிட்டு வரச் சொன்னாங்க அத்த" என்றாள்.

சொன்னேன். முழுப் புள்ளி கிடைத்தது.