கனவண்ணனின் கட்டில் பாக்கி

நாலாயிரத்து முந்நூற்று எழுபது ரூபாய். தேக்குக் கட்டிலுக்காகக் கனவண்ணன் தச்சருக்குத் தர வேண்டிய பாக்கி அவ்வளவு. அதைக் கேட்கத்தான் உச்சிவெயிலில் தச்சர், கனவண்ணன் நடத்தும் ஜெபக் கூடத்துக்குப் போனார்.

உள்ளே பகலே பாதி தூங்கிக்கொண்டிருந்தது. நீலத் திரைகள் மெல்ல மூச்சு விட்டன. மின்விசிறிக் காற்றில், கண் செருகிய முகங்கள் தண்ணீருக்கடியில் இருப்பவை போல அசைந்தன. சபையார் பெஞ்சிலும் பாயிலும் சாய்ந்து கனவுக்காகக் காத்திருந்தார்கள். வாசலில் கனவண்ணனின் மனைவி, வாயே திறக்காமல், செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, கட்டில் பாக்கி..."

கனவண்ணன் வெள்ளைச் சால்வையை இழுத்துவிட்டுப் புன்னகைத்தார். "உங்களைத்தான் விடியக்காலைல கனவுல பார்த்தேன். வெள்ளை உடுப்புல நின்னு, பில்லைக் கிழிச்சுப் பறக்க விடுறீங்க. என்னா சிரிப்பு!"

"நான் வெள்ளைச் சட்டை போட்டதே இல்லைங்களே. மரத்தூள்ல ஒரு மணி நேரம் தாங்காது."

"அதான் அடையாளம். அது இந்த உலகத்துச் சட்டை இல்லை."

கூடம் முழுக்க "ஸ்தோத்திரம்" என்றது. எல்லாரையும் விடச் சத்தமாகச் சொன்னது தச்சரின் மனைவி.

கனவண்ணனின் போதனை சுலபமானது. வேதம் முழித்திருப்பவர்களுக்கு, அதுவும் பழசு. தூங்குகிறவனுக்குத் தினமும் புதுசு வரும். உடம்பு நோக உழைக்கிற தெரு அது. தூங்கினால் மோட்சம் என்றால் கசக்குமா? பட்டப்பகலில் கடைகள் கதவைச் சாத்தின. சவரம் செய்யும்போதே கண்ணயர்ந்த சலூன்காரர் எழுந்து, "ஒரு பக்க மீசை போதும்னு மேலேருந்து உத்தரவு" என்று முழுக் கூலி வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் தச்சரின் மனைவி தையல் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை இதைச் சபைக்குக் குடுக்கறேன். கூடத்துல, விளக்குக்குக் கீழ, இது நிக்கற மாதிரி அண்ணன் கனவு கண்டாராம்."

தச்சருக்கு நெஞ்சில் ஆணி இறங்கியது. தச்சு வேலை இல்லாத மாதங்களில் அந்த மெஷின்தான் அடுப்பை எரித்தது. "அது போனா எதைத் தின்கிறது?"

"அதுக்கும் ஒரு கனவு வரும்."

தச்சர் பழைய சபையின் போதகரிடம் ஓடினார். போதகர் ஏணியில் நின்று ஒழுகும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தச்சரே, யார் என்ன சொன்னாலும் வேதத்துல எழுதியிருக்கறதோட ஒத்துப் பாருங்க. ஒத்து வரலையா, வானத்துலேருந்து இறங்கி வந்து சொன்னாலும் வேண்டாம். இதை வீட்டுல பக்கத்துல உக்காந்து பொறுமையா சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமைக்குள் பொறுமைக்கு நேரமில்லை. தச்சர் குறுக்கு வழி பிடித்தார். மறுநாள் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"நானும் ஒரு கனவு கண்டேன். தையல் மெஷினை வீட்டை விட்டு அசைக்கக் கூடாதுன்னு ஒரு குரல்."

கனவண்ணன் ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு ஓடிவந்து கட்டிக்கொண்டார். "நமக்கு இரண்டாவது கனவுக்காரர் கிடைச்சிட்டார்! ரெண்டு கனவுல எது பெரிசுன்னு ஞாயித்துக்கிழமை தெரியும். நாற்காலி போடுங்கப்பா!"

அன்றிலிருந்து தச்சர் பட்டறையில் இழைப்புளி ஓடவில்லை. சுருள் சுருளாகக் கிடந்த மரச்சீவல்மேல் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். பால்காரர் மாடு வாங்கலாமா என்றார். சலூன்காரர் மற்றப் பக்க மீசையைப் பற்றிக் கேட்டார்.

"எனக்கு எதாவது பார்த்தீங்களா அண்ணே?" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

அவளை அனுப்பினால் போதும் என்றிருந்தது தச்சருக்கு. "நீங்க நல்லா ஓடியாடித் திரியற மாதிரி பார்த்தேன்க்கா. போய்ட்டு வாங்க."

அக்கா நேராகப் போய் ரத்த அழுத்த மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டினாள். சனிக்கிழமை தண்ணீர்க் குழாயடியில் மயங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவள் கண் திறக்கும்வரை தச்சர் பெஞ்சில் ஒடுங்கிக் கிடந்தார். வெளிறிய தாழ்வாரம் மிதப்பது போலிருந்தது. பக்கத்தில் போதகர் பிளாஸ்க்கோடு வந்து உட்கார்ந்தார்.

"அந்த ஆளைத் தடுக்கத்தான் போதகரே பொய் சொன்னேன்."

"அவரும் எதையோ தடுக்கத்தான் முதல் பொய்யைச் சொல்லியிருப்பாரு."

"இப்ப என்ன பண்றது?"

"ஊர்ல ரெண்டு கள்ளப் போதகர் இருக்காங்க. அதுல ஒருத்தரைக் குறைக்க உங்களால முடியும். குடிங்க, ஆறிடப் போகுது."

ஞாயிறன்று மெஷின் விளக்குக்குக் கீழே வந்துவிட்டிருந்தது. மனைவியின் கை இன்னும் அதன் சக்கரத்தின் மேல் இருந்தது. தச்சர் தன் நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு நடுவில் நின்றார்.

"நான் கனவு எதுவும் காணலை. பொய் சொன்னேன். படுத்தா மரக்கட்டை நான். என் பேச்சைக் கேட்டு ஒரு உயிர் போகப் பார்த்துச்சு. எழுதியிருக்கறதைக் கையில வச்சுக்கிட்டே என் வாயைப் பார்த்தீங்களே... பார்க்க வச்சது நான்தான். மன்னிச்சிடுங்க." பிறகு மனைவியைப் பார்த்தார். "மெஷினைக் குடுக்கறதும் வைக்கறதும் உன் இஷ்டம். ஆனா கனவுக்காகக் குடுக்காத, தாயி."

கனவண்ணன் கையை உயர்த்தினார். "பார்த்தீங்களா சபையே! பொய்க் கனவு தானாவே விழுந்துடுச்சு. இப்ப நிக்கறது மெய்க் கனவு ஒண்ணுதான்!"

"ஸ்தோத்திரம்" என்று கூடம் முனகியது. பால்காரர் தச்சரை முறைத்தார். தச்சரின் மனைவியின் கை, மெஷினைக் கொடுத்துவிடுவது போல, சக்கரத்தை விட்டு மெதுவாக எழுந்தது.

அப்போது வாசலில் செருப்புகளை விட்டுவிட்டுக் கனவண்ணனின் மனைவி உள்ளே வந்தாள். அவள் குரலை அந்தச் சபை அதுவரை கேட்டதில்லை. தன் சின்னப் பர்ஸைத் திறந்து, நோட்டுகளைத் தச்சரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"கட்டில் பாக்கி சரியா இருக்குண்ணே. ஆனா கட்டிலைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த மனுஷன் ராப்பூரா கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுக் கிடக்காரு, பொட்டுத் தூக்கம் கிடையாது."