நோட்டின் பின்பக்கத்துக் குடும்பம்

ஸ்ரீபெரும்புதூர்
வெள்ளிக்கிழமை மத்தியானம்

சம்பத் அண்ணாவுக்கு, தங்கை ஹேமாம்புஜம் தெண்டன் ஸமர்ப்பித்து எழுதிக்கொண்டது.

இவ்விடம் எல்லோரும் க்ஷேமம் என்று இந்த இடத்தில் எழுத வேண்டும். முப்பது வருஷமாக அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன். இன்றைக்கு அதை எழுதப் பேனா நகர மாட்டேன் என்கிறது. உடம்புகள் க்ஷேமம்தான். மற்றது உடையவர் விட்ட வழி. போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் மன்னி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அரிசி களைவாள், உங்கள் மாடி போர்ஷன்காரர் வரைக்கும் கேட்கும். அதனால் எழுதுகிறேன். நம் பெண் ஸுப்ரஜாவின் கல்யாணம் நின்றுவிடும் போலிருக்கிறது. காரணம் ஒரு சினிமா.

அடியேன் சினிமாவுக்குப் போகிறவள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். எதிர்வீட்டுக் கோவிந்தம்மாதான் வந்து வந்து சொன்னாள். நாலு தலைமுறைக் கதையாம், வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்து இப்போது வந்த வெள்ளம் வரைக்கும் ஓர் ஏரிக்கரைக் குடும்பமாம், முதல் காட்சியே கருட சேவையாம். "மாமி, சாமி வருது மாமி, வந்து பாரு" என்றாள். சாமி வருகிறார் என்றால் எப்படி மாட்டேன் என்பது. ஆத்துக்காரர், நான், ஸுப்ரஜா, கோவிந்தம்மா, அவள் பிள்ளை டில்லிபாபு, எல்லோரும் போனோம். கருட சேவை சரியாக இரண்டு நிமிஷம். பாக்கி மூன்று மணி நேரமும் அந்தக் குடும்பம்தான். இவர் இடைவேளைக்கு முன்னாடியே தூங்கி, வெள்ளம் வந்த சத்தத்தில் முழித்துக்கொண்டு, "இது எந்தத் தலைமுறை?" என்று என்னைக் கேட்டார். ஸுப்ரஜா புடவையெல்லாம் நன்றாயிருந்தது என்றாள். டில்லிபாபு ஒரகடத்தில் கார் கம்பெனியில் லைனில் நிற்கிறவன், அவன் அபிப்பிராயம், "மூணு மணி நேரம் இருவது நிமிசம் மாமி. இந்நேரத்துக்கு எங்க லைன்ல நூறு வண்டி எறக்கியிருப்போம். இவுங்க ஒரு குடும்பத்த முடிக்கல." கோவிந்தம்மா மட்டும் வெளியே வந்தும் அழுதுகொண்டிருந்தாள். "எங்க வூட்டு கத மாதிரியே கீது மாமி. எங்க மாமனாரும் இப்டிதான் ரெண்டு வூடு வெச்சிக்கினு இருந்தாரு. நெலம் கம்பெனிக்குப் போனப்போ ரெண்டு வூட்லருந்தும் வந்து கையெழுத்துக்கு நின்னாங்கோ." அழாதே, இது வேறே யாரோ குடும்பம் என்று நான்தான் தேற்றினேன்.

என் கஷ்டம் வேறு. அந்தக் குடும்பத்தில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற நல்ல வழக்கம் இருக்கிறது, பிள்ளைகள் இரண்டு பேருமே அப்படி வைத்ததால் நாலு தலைமுறையில் மூன்று வரதன். தாத்தாவாகவும் பேரனாகவும் ஒரே ஆள் வேறு நடிக்கிறார், தாடி ஒட்டினால் தாத்தா, எடுத்தால் பேரன். யார் யாருக்கு என்ன உறவு என்று வீட்டுக்கு வந்தும் பிடிபடவில்லை. நான் எட்டாவதோடு நின்றவள், அதற்கப்புறம் பஞ்சாங்கத்திலும் வாரப் பத்திரிகையிலும் நானாகக் கற்றுக்கொண்டதுதான், எதையும் எழுதி வைத்தால்தான் எனக்கு நிற்கும். சொந்தக்காரர்களின் நட்சத்திரம், திதி எல்லாம் கணக்குத் தவறாமல் ஒரு நோட்டில் வைத்திருக்கிறேனே, அதை இடுப்பில் செருகிக்கொண்டு மறு ஞாயிறு கோவிந்தம்மாவோடு இரண்டாம் தடவை போனேன். நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து அந்தக் குடும்பத்தை எழுதினேன். முதல் பக்கத்துப் பெரியவர்களோடு சினிமாக்காரர்கள் கலக்கக்கூடாது இல்லையா. அந்த மரியாதைக்குத்தான் திருப்பினேன். அதுதான் வினையாகப் போயிற்று.

எதை எழுதினாலும் ஓரத்தில் என் அபிப்பிராயத்தையும் எழுதி வைப்பது என் கெட்ட பழக்கம். பெரிய வரதனுக்கு நேரே, "ஆள் கம்பீரம். இரண்டாம் கல்யாணம் எதற்கு என்று கடைசிவரை புரியவில்லை" என்று எழுதினேன். அவர் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து, "நிலத்துக்காகக் கோர்ட்டு. என்ன பேசினார்கள் என்று காதில் விழவில்லை, சத்தம் மட்டும்தான்." மருமகளுக்கு, "இவளுக்கு வாய் திறக்கவே விடவில்லை. கடைசிவரை தண்ணீர் சுமக்கிறாள்." நடு வரதன் இடைவேளைக்கு முன்னால் வீட்டை விட்டுப் போகிறான், வெள்ளத்தன்று திரும்பி வருகிறான், அவனுக்கு, "எங்கே போனான் என்று யாரும் சொல்லவில்லை. இது பெரிய குறை." அடியில் மொத்தமாக, "ரொம்ப நீளம். பாதிப் பேரைக் குறைத்திருந்தால் தேவலை. கடைசித் தலைமுறை முகத்தில் பாவமே இல்லை."

இப்போது காலையில் நடந்ததைக் கேளுங்கள். மாப்பிள்ளை கோவர்தனின் அம்மா, பெண்ணுக்குத் தாய்வழி விவரமும் எழுத்தில் வந்தால் நல்லது என்று நேற்றே கேட்டிருந்தார். ஆத்துக்காரர் வழி ஏற்கெனவே கொடுத்தாயிற்று. நான் தளிகை உள்ளில் குழம்பைக் கிளறியபடியே என் பிள்ளை நிவாஸிடம், "நோட்டில் நாலு தலைமுறையும் எழுதியிருக்கேன் பாரு, போட்டோ எடுத்து அந்த மாமிக்கு அனுப்பிட்டுப் போ" என்றேன். கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது, ஓடினான். பத்தரைக்கு அந்த மாமி போன் பண்ணினார்.

"நிவாஸ் அனுப்பினது வந்தது மாமி. நானும் எங்காத்து மாமாவும் ரெண்டு தடவை படிச்சோம். இவ்வளவு வெளிப்படையா யாரும் எழுதி நாங்க பார்த்ததில்லை."

"பகவத் சங்கல்பம்" என்றேன்.

"பெரியவர் ரெண்டாம் கல்யாணம் பண்ணிண்டார்னா, சரி, அந்தக் காலம். கோர்ட்டு கேஸு எல்லாராத்திலயும் உண்டு. ஆத்தை விட்டு ஒருத்தர் போனார்னு போட்டிருக்கேளே, அதுதான் மாமாவுக்கு உறுத்தறது."

எனக்கு என்னவோ போல் ஆகித் திரும்பிப் பார்க்கிறேன், ஊஞ்சல் பலகையில் நோட்டு கிடக்கிறது. பின்பக்கம் மேலே. பெரிய வரதன் என்னைப் பார்க்கிறார். அது சினிமா மாமி என்று சொல்ல வாய் வரவில்லை, சினிமாவுக்கு வம்சாவளி எழுதுகிற வீட்டிலா பெண் எடுப்பது என்று கேட்டால் என்ன சொல்வேன். அதற்குள் அவரே, "அவரை எங்களுக்கு நன்னாத் தெரியுமே" என்றார். அந்த நடிகரை யாருக்குத்தான் தெரியாது, இதுதான் சமயம், நாசூக்காகப் புரிய வைத்துவிடலாம் என்று, "அதெல்லாம் நடிப்பு மாமி. அவர் நன்னா நடிச்சிருக்கார்" என்றேன்.

"அப்படியா" என்றார். பிறகு, "நாங்க யோசிச்சுச் சொல்றோம்" என்று வைத்துவிட்டார்.

நடிப்பு என்று சொல்லியும் புரிந்துகொள்ளவில்லை என்றால் நான் என்னதான் செய்வது. எது போயிற்று என்று நிவாஸைக் கேட்கவும் வழியில்லை, கம்பெனி வாசலிலேயே போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுகிறார்கள், சாயந்திரம்தான் கொடுப்பார்கள். என்னுடையது வெறும் பட்டன் போன். ஸுப்ரஜா, கோவர்தனிடமிருந்து காலையிலிருந்து ஒரு வரி வரவில்லை என்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், குழம்பு சாதம் தட்டிலேயே காய்ந்துவிட்டது. அவளுக்கு அந்தப் பிள்ளையை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. இவர், "நீளத்தைக் குறைச்சிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது" என்று படத்தைத் திட்டிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். ஒரு நோட்டில் இரண்டு குடும்பத்தை வைத்தவளுக்கு ஒரு குடும்பமும் மிஞ்சாது போலிருக்கிறது.

அண்ணா, நீங்கள்தான் இந்த வரனைக் கொண்டு வந்தீர்கள். காஞ்சிபுரத்தில் அவர்கள் வீடு உங்களுக்கு இரண்டு தெரு. இன்றைக்கே போய், அது சினிமா, எங்கள் குடும்பத்தில் அப்படி ஒன்றும் நடந்ததில்லை, யாரும் எங்கேயும் போனதில்லை என்று உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவார்கள், உங்கள் பேரில் அவர்களுக்கு அவ்வளவு மதிப்பு. டில்லிபாபு சாயந்திரம் அந்தப் பக்கம் வருகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மன்னிக்கு என் நமஸ்காரம். ஸுப்ரஜாவுக்கு உங்கள் ஆசீர்வாதத்தை இன்று இரண்டு பங்காக அனுப்பவும். வரதராஜப் பெருமாள் சந்நிதிப் பக்கம் போனால் இந்த அசட்டுத் தங்கைக்காகவும் ஒரு தடவை சேவியுங்கள்.

இப்படிக்கு,
ஹேமாம்புஜம்

பின்குறிப்பு: நிவாஸ் வந்துவிட்டான். டில்லிபாபு வாசலில் வண்டியை அணைக்காமல், "இன்னா மாமி, லெட்டரா புஸ்தகமா?" என்கிறான், அதனால் கிழித்துவிட்டு வேறு எழுத நேரமில்லை. நிவாஸ் சொல்கிறான்: "பின்பக்கத்தை எதுக்கும்மா அனுப்பப் போறேன்? முன்பக்கம்தான் அனுப்பினேன். சினிமாப் பக்கத்துல நீ என்ன எழுதியிருக்கேன்னு திருப்பிப் பார்த்தேன், பஸ் வந்துடுத்து, அப்படியே போட்டுட்டுப் போயிட்டேன்." போட்டோவைக் காட்டினான். என் கையெழுத்து, நம் குடும்பம். "தாத்தா: இரண்டாம் கல்யாணம் எதற்கு என்று இன்றுவரை புரியவில்லை. அப்பா, சித்தப்பா: மணிமங்கலம் நிலத்துக்குப் பதினோரு வருஷம் கோர்ட்டு. அம்மா: தண்ணீர் சுமந்தாள். சம்பத் அண்ணா: எண்பத்தாறில் போனார், எண்பத்தொன்பதில் வந்தார். எங்கே என்று யாரும் சொல்லவில்லை." நான் எந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதினாலும் என் கைக்கு இதே வரிகள்தான் வருகின்றன போலிருக்கிறது. கோவிந்தம்மாவை வேறு தேற்றினேன்.

ஆகவே மேலே கெஞ்சியதெல்லாம் தள்ளுபடி. நடிப்பு என்று நான் சொன்னது உங்களைப் பற்றியதாகிவிட்டது, மன்னிக்கவும். போட்டோவுக்குக் கீழே அந்த மாமி எழுதியிருக்கிறார்: "சம்பத் மாமா அந்த மூணு வருஷம் எங்கே இருந்தார்னு அவரே சொன்னா, மேலே பேசலாம்." ஸுப்ரஜாவும் அதைப் படித்துவிட்டாள். நீங்கள் திரும்பி வந்த அன்றைக்கு எனக்குப் பத்தொன்பது வயது. அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நானும் கேட்கவில்லை. டில்லிபாபு பதில் வாங்கிக்கொண்டுதான் திரும்புவான். அந்தப் படத்தை எடுத்தவர் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். நீங்கள் விட்டுவிடாதீர்கள்.