சனிக்கிழமை வாங்கிய ஜாக்கி

அலோர் காஜா,
1952, ஞாயிறு மாலை.

மதிப்பிற்குரிய மைத்துனர் சேகரன் அவர்களுக்கு, அலோர் காஜாவிலிருந்து பிச்சைமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் தங்கை மீனம்மாவும் சுகம். அங்கே ஈப்போவில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நீங்கள் எழுதாமலே தெரிகிறது. உடம்புக்கு முடியாத எவரும் நாலு பக்கத்துக்கு ஆலோசனை எழுத மாட்டார். உங்கள் கடிதம் கிடைத்தது. அதில் சொல்லியிருந்தபடியே செய்தேன். அதனால்தான் இப்போது என் காலடியில் ஒரு கோணிச்சாக்கும், அதற்குள் பாதி ஜாக்கியும் கிடக்கின்றன.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ரெம்பியாவுக்கு அந்தப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துத் துரையின் லோரி போன மாதம் காட்டோரம் நின்றுவிட்டது. பழுது பார்க்கப் போனவன் எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு, ஸ்பானர் இரவல் வாங்கி வருகிறேன் என்று டவுனுக்குத் திரும்பி வந்துவிட்டான். எந்த மரத்துக்குப் பின்னால் எந்தக் கம்யூனிஸ்டுக் காட்டுக்காரன் துப்பாக்கியோடு நிற்கிறான் என்று தெரியாத இந்த அவசரகாலத்தில், லோரியில் உட்கார்ந்திருந்தவர்கள் அன்றைக்கு எத்தனை சாமிகளைக் கூப்பிட்டிருப்பார்கள்! துரை அன்றே சொல்லிவிட்டார்: முழுச் சாமானும் சொந்தமாக வைத்திருக்கும் மெக்கானிக்குக்குத்தான் இனி தோட்டத்து லோரிகளின் குத்தகை, திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் வாசலில் சாமானைப் பரப்பிக் காட்ட வேண்டும் என்று. இந்தச் செய்தி காதில் விழுந்ததும் நான் பஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டேன். அவசரப்பட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணின ஒருவன், மேசையில் உட்கார்ந்து கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்க வேண்டியவன், ஒரு திருப்புளி வேண்டுமென்றால் தன்னைவிட வயதில் குறைந்த ஸ்டோர்க்காரனிடம் கைநீட்டி நின்று, மாலையில் அதைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்து, அவன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதைச் சகித்துக்கொண்டு எத்தனை வருஷம் இருப்பான்? நாளைக்கு அந்தக் குத்தகை கிடைத்தால் நான் ஒரு பட்டறைக்கு முதலாளி. கிடைக்காவிட்டால் அதே ஸ்டோர்க்காரனிடம் போய், தம்பி, பழைய வேலை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

சாமானுக்கு ஒரு வழியும் இருந்தது. பட்டாளத்தார் வேண்டாமென்று கழித்த பெட்டி ஒன்று, ஜாக்கி, வைஸ், ஸ்பானர், சாக்கெட், சுத்தியல் எல்லாம் அடங்கியது, மலாக்கா டவுனில் ஏலத்துக்கு வந்தது. கிழமை மட்டும்தான் சரியில்லை. உங்கள் தங்கையிடம் சொன்னேன்.

"என்னைக்கு ஏலம்?" என்றாள்.

"சனிக்கிழமை."

"என்ன சாமான்?"

"ஸ்பானர், ஜாக்கி, வைஸ்."

"எல்லாம் இரும்புதானே?"

"பின்னே, உனக்காகப் பித்தளையில செஞ்சு வெச்சிருப்பானா?"

"சனிக்கிழமை இரும்ப வாங்கிட்டு இந்த வாசப்படி ஏறாதீங்க, சொல்லிட்டேன்."

"நான் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணினவன், மீனம்மா."

"பண்ணுங்க. சனி பகவான் வந்து சர்ட்டிபிகேட்டா கேக்கப் போறாரு?"

இதற்கு மேல் ஒரு கணவன் என்ன பேச முடியும்? உங்களுக்கு எழுதினேன். நீங்களாவது, படித்தவர், ரயில்வேயில் இருப்பவர், தங்கைக்குப் புத்தி சொல்வீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ, தங்கை சொல்வது சரிதான், ஆனாலும் மாப்பிள்ளை மனம் தளர வேண்டாம், வேறொருவரை அனுப்பி அவர் பேரில் வாங்கச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டால் சனியும் ஏமாறுவார், சாமானும் வந்துவிடும் என்று எழுதினீர்கள். கல்யாணத்தில் எனக்குப் போட்ட மோதிரம் விரலைப் பச்சையாக்கியபோதே உங்கள் யோசனைகளின் தரம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் முடிவெட்டும் அப்புசாமியிடம் போனேன். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த ஒரு மனிதரை அப்படியே விட்டுவிட்டு என்னிடம் வந்து, "ஏண்ணே, உங்க தலைக்கு வேணாம்னு என் தலையில ஏத்தப் பாக்குறீங்களா? எனக்கு ஏழரை முடிஞ்சு இப்பத்தான் கடையில நாலு பேரு உக்காருறாங்க" என்றான். நுரையோடு இருந்தவரும், "ஆமாப்பா, படிச்சவரு பேச்ச நம்பாத" என்றார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. நுரை போனபிறகு தெரிந்துகொள்ள வேண்டும் என்று காத்திருந்து பார்த்தேன். முகத்தைக் குறித்து வைத்துக்கொண்டேன். இருக்கட்டும்.

பிறகு கேட்டவர்களும் இதையே சொல்ல, இந்த ஊரில் ஒரு தமிழன்கூடச் சனிக்கிழமை ஒரு ஆணி வாங்கத் தயாரில்லை என்று ஆன பிறகு, பக்கத்து மளிகைக் கடைச் சீனர் ஆ லெக்கிடம் போனேன். அவர் கோழிக்கூட்டுத் தண்ணீர் என் வாசலில் ஓடுவது தொடர்பாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் போனேன். "எனக்கு எல்லா நாளும் நல்ல நாள் லா, அண்ணே. போறேன்" என்றார். நான் கொடுத்த பணத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சனிக்கிழமை காலை பஸ்ஸேறினார். நான் ஏலம் நடக்கும் திசைக்கே முகத்தைக் காட்டாமல் வீட்டில் இருந்தேன். சனிக்கு என்மேல் சந்தேகமே வந்திருக்காது.

இன்று விடிந்ததும் ஆ லெக்கின் கடைக்குப் போனேன். ஒரு கோணிச்சாக்கைத் தூக்கி வைத்தார்.

"பெட்டி எங்கே?"

"பெட்டி நான் வெச்சிருக்கேன். கமிஷன் லா. கோழிக்கு நல்லா இருக்கும்."

சரி, கோழிக்குப் பெட்டி, எனக்குச் சாமான் என்று சாக்கை அவிழ்த்தேன். ஜாக்கி இருந்தது, அதைத் தூக்கும் லீவர் இல்லை. நட்டைத் திருப்பும் ராட்செட் பிடி இருந்தது, மாட்டுவதற்கு ஒரு சாக்கெட்கூட இல்லை. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் ஒரு பக்கத் தாடை மட்டும். ஸ்பானர்கள் சிறியதிலிருந்து பெரியது வரை ஒன்றுவிட்டு ஒன்று. மச்சான், ஒன்றுவிட்டு ஒன்று!

"மீதி எங்கேய்யா?" என்று கத்தினேன்.

ஆ லெக் மிகவும் சந்தோஷமாகச் சொன்னார்: "அங்கே ஆ பெங் வந்தான். என் மச்சான். அவனும் இதே பெட்டிக்கு வந்தான். மச்சானும் மச்சானும் சண்டை போட்டா விலை ஏறும் லா. நாங்க பேசிட்டோம். நான் மட்டும் கேட்டேன், அவன் கேக்கல. ரொம்ப மலிவு! அப்புறம் காப்பிக் கடையில உக்காந்து உனக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணு. ஞாயமாப் பிரிச்சோம்."

மைத்துனர்கள் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்பதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன். ஆனால் அவர்களுடைய நியாயத்தில் நான் அழிந்தேன். ஆ பெங்கை அனுப்பியது யார் என்று கேட்டேன். மலாக்காவிலிருக்கும் ஜெயமணி!

ஜெயமணியை உங்களுக்குத் தெரியும். பஸ் கம்பெனியில் போர்மன் வேலை எனக்கு வர இருந்த நேரத்தில், "பிச்சைமுத்து நல்லாப் படிச்சவரு சார், ஒரு நட்டக் கழட்டுறதுக்கு முன்னாடி ரொம்ப யோசிப்பாரு" என்று எஞ்சினியரிடம் சொல்லி அந்த வேலையைத் தான் தட்டிக்கொண்டு போனவன். என் கல்யாணத்துக்கு வந்து, பாயசத்தை மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டே, தண்ணியாக இருக்கிறது என்றவன். பிறகு சொந்தப் பட்டறை வைத்தான். போன வருஷம் காட்டுக்காரர்கள் ஒரு தோட்டத்து லோரிக் கொட்டகையைக் கொளுத்தியபோது அங்கே வேலைக்கு வைத்திருந்த அவன் சாமான் முழுவதும் எரிந்து போயிற்று. கேள்விப்பட்டு வருத்தப்பட்டேன். சாப்பாடு வரும்வரை வருத்தப்பட்டேன். அவனும் அதே குத்தகைக்கு அலைகிறான், அவனும் சனிக்கிழமை இரும்பு வாங்காதவன், அவனும் அதே தந்திரத்தைச் செய்திருக்கிறான். அவனுக்கும் உங்களைப் போல ஒரு மைத்துனர் இருக்க வேண்டும்.

உடனே சாக்கைத் தூக்கிக்கொண்டு மலாக்கா பஸ்ஸில் ஏறினேன். அவன் பாதியை எந்த விலைக்காவது வாங்கிவிடுவது என்று முடிவு. பாயா ரும்புட்டில் ரோட்டுச் சோதனை. எல்லோரையும் இறக்கினார்கள். எதிர்ப்பக்கம் மலாக்காவிலிருந்து வந்த பஸ்ஸும் நின்றது. அதிலிருந்து ஒரு கோணிச்சாக்கோடு இறங்கினான் ஜெயமணி. என் பாதியை வாங்க அலோர் காஜாவுக்குப் புறப்பட்டு வந்திருக்கிறான்!

மீசை சரியாக முளைக்காத ஒரு வெள்ளைக்கார ஆபீசர் என் சாக்கைக் கொட்டச் சொன்னார். "இது என்ன?" "பாதி ஜாக்கி, ஐயா." ஒரு மலாய்க்காரச் சார்ஜெண்ட் ரோட்டின் அந்தப் பக்கம் ஜெயமணியின் சாக்கைக் கொட்டிவிட்டு, "துவான், இங்கேயும் பாதி ஜாக்கி!" என்று கத்தினார். ஆபீசர் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போயிற்று. ஓர் ஆயுதத்தைக் கழற்றி இரண்டு பஸ்ஸில் கடத்துகிறார்கள் என்று நினைத்துவிட்டார். நான் என்னுடைய கேம்பிரிட்ஜ் ஆங்கிலத்தில், சனிக்கிழமை நாங்கள் இரும்பு வாங்குவதில்லை என்று விளக்கினேன். "பிறகு ஏன் வாங்கினாய்?" "நான் வாங்கவில்லை, ஐயா." "அவனா?" "அவனும் வாங்கவில்லை." ஆபீசர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். நல்லவேளை, சார்ஜெண்ட் சிரித்துவிட்டு, "உண்மைதான் துவான். என் பக்கத்து வீட்டுத் தமிழரும் சனிக்கிழமை கத்திகூட வாங்க மாட்டார்" என்றார்.

ஆபீசருக்கு அரைகுறை நம்பிக்கைதான். அவருடைய லோரி ஒன்று டயர் காற்றுப் போய் ஓரத்தில் நின்றது. இது ஜாக்கிதான் என்றால் அதைத் தூக்கிக் காட்டுங்கள் என்றார். மச்சான், சுடும் வெயிலில், இரண்டு பஸ் ஜனம் வேடிக்கை பார்க்க, நானும் அந்த ஜெயமணியும் ஒரே லோரிக்கு அடியில் படுத்தோம்.

"லீவர மெதுவாப் போடு. அது என் ஜாக்கி."

"உன் ஜாக்கின்னா லீவர் இல்லாமத் தூக்கு, பாப்போம்."

"ராட்செட் என்னோடது, என்கிட்ட குடு."

"சாக்கெட் என்னோடது, நான்தான் திருப்புவேன். இடது பக்கம் திருப்பணும், படிச்சவரே. புஸ்தகத்துல வேற மாதிரி போட்டிருக்கா?"

"உன் வாயிலயும் ஒரு நட்டு இருந்தா நல்லா இருக்கும். இறுக்கி விட்டுடலாம்."

பஸ்ஸிலிருந்து ஒரு அம்மாள், "அண்ணந் தம்பியா?" என்று கேட்டாள். "பின்னே? கூடப் பொறந்தவங்கதான் இப்படித் திட்டிக்குவாங்க" என்றாள் இன்னொருத்தி. டயர் மாற்றி முடிந்தது. சீக்கிரமே முடிந்தது என்பதை நியாயத்துக்காகச் சொல்கிறேன். ஆபீசர் ஆளுக்கொரு சிகரெட் கொடுத்தார். நான் அவன் பாதிக்கு விலை கேட்டேன். அவன் என் பாதிக்கு விலை கேட்டான். இருவரும் கொடுக்க மாட்டோம் என்றோம். அதற்குள் கண்டக்டர்கள் கத்தவே, அவரவர் சாக்கோடு அவரவர் பஸ்ஸில் ஏறிவிட்டோம். அதாவது நான் மலாக்காவுக்கும் அவன் அலோர் காஜாவுக்கும். பஸ் நகர்ந்த பிறகுதான், பார்க்க வேண்டிய ஆளைப் பார்த்தாகிவிட்டது, இனி அங்கே எனக்கு என்ன வேலை என்று தோன்றிற்று. மலாக்காவில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து திரும்பினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எனக்காகப் பொரித்து வைத்த வாழைப்பழச் சட்டி காலி. திரும்பும் பஸ் வரும்வரை அவன் என் வீட்டில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போயிருக்கிறான். "நல்ல மனுஷங்க அவரு. உங்கள ரொம்ப விசாரிச்சாரு" என்கிறாள் உங்கள் தங்கை.

ஆகையால் என் முடிவைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாளை இந்தப் பாதியோடேயே துரையின் முன் நிற்பேன். நடந்த அநியாயத்தை அவருடைய மொழியிலேயே எடுத்துரைப்பேன். ஒரு பேச்சுத் தயாரித்து இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். குத்தகை கிடைக்காவிட்டால் தோட்டத்தில் ரப்பர்ப் பாலெடுக்க மரம் வெட்டப் போவேனே தவிர, அந்த ஜெயமணியோடு ஒரு கூரையின் கீழ் ஒரு நாள்கூட நிற்க மாட்டேன். இது சத்தியம். நீங்கள் இனி எனக்கு ஆலோசனை எழுத வேண்டாம். மழை வருமா என்றுகூட எழுத வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, படிப்புக்குத் தகுந்த வேலையில் அமர ஆண்டவன் அருள்வானாக. உங்களுக்கும் நீண்ட ஆயுள் உண்டாகட்டும். இவ்வளவு எழுதியும் கோபம் தீரவில்லை, நீங்கள் இருந்தால்தானே மீதியைச் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
பிச்சைமுத்து.

பின்குறிப்பு: திங்கள் மாலை. தபாலில் போடுவதற்குள் சில விஷயங்கள் நடந்துவிட்டன. காலையில் ஆபீஸ் வாசலில் நான் என் பாதியைப் பரப்பினேன். பக்கத்தில் ஜெயமணி தம் பாதியைப் பரப்பினார். துரை சுற்றி வந்து பார்த்தார். இடைவெளியில் குனிந்து ஒரு ஸ்பானரை எடுத்து எதிர்ப்பக்கத்து வரிசையில் வைத்துப் பார்த்தார். "இது இரண்டு செட்டா, ஒரு செட்டா?" என்று கேட்டார். நான் தயாரித்த பேச்சில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. இரண்டு என்றால் இருவரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். "ஒன்றுதான், ஐயா" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். ஜெயமணி என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "யெஸ் சார். ஒரு செட்டு, ஒரு பட்டறை" என்றார். குத்தகை எங்களுக்கு. பட்டறை அலோர் காஜாவிலேயே. எனவே மேலே ஜெயமணியைப் பற்றி எழுதியதையெல்லாம் படிக்க வேண்டாம். படித்துவிட்டால் அக்காவிடம் சொல்ல வேண்டாம். உங்களைப் பற்றி எழுதியது மட்டும் அப்படியே இருக்கட்டும்.

பெயர்ப்பலகை எழுதியாயிற்று. என் பெயர்தான் மேலே வர வேண்டும் என்று கண்டிப்பாக நின்றேன். அவர் ஒப்புக்கொண்டார், தம் பெயர் பெரிய எழுத்தில் வர வேண்டும் என்றார். சம்மதித்தேன். ரோட்டிலிருந்து பார்த்தால் அவர் பெயர் மட்டும்தான் தெரிகிறது. பரவாயில்லை. ரிப்பேருக்கு வருகிறவன் கிட்டே வந்துதானே ஆக வேண்டும்?